ஒரே தடம், இரண்டு அளவு

நரம்பை எவ்வளவு நேரம் நசுக்குவது என்று பேசுவதிலேயே அன்று காலை முழுக்கப் போய்விட்டது.

ஆறு ஆய்வகங்களிலிருந்து வந்தவர்கள் நீண்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் செய்வது ஒரே வேலைதான். மயக்க மருந்து கொடுத்த எலியின் தொடையைத் திறந்து, இடுப்பிலிருந்து பாதத்துக்கு இறங்கும் நரம்பை இடுக்கியால் நசுக்கி, தைத்து மூடிவிடுவார்கள். அதன்பிறகு நரம்பு வளர்ந்து, இழுபட்ட கால் மறுபடி ஒழுங்காக ஊன்றுகிறதா என்று வாரக்கணக்கில் பார்ப்பார்கள். கையிலும் காலிலும் நரம்பு போன மனிதர்களுக்கு மருந்து தேடும் வேலையில் அது முதல் படி. ஆனால் ஒருவர் பத்து விநாடி நசுக்குவார், இன்னொருவர் அரை நிமிடம். ஒருவர் இடுக்கியை முதல் பல்லில் பூட்டுவார், இன்னொருவர் மூன்றாவதில். ஒருவர் தொடையின் நடுவில், இன்னொருவர் இடுப்பை ஒட்டி. விளைவு, ஓர் ஆய்வகத்தில் அற்புதம் செய்த மருந்து அடுத்த ஆய்வகத்தில் பச்சைத் தண்ணீராகிவிடும். இத்தனைக்கும் யாரும் பொய் சொல்வதில்லை.

இதையெல்லாம் ஒரே முறைக்குக் கொண்டுவந்து எழுதித் தரும் பொறுப்பு அவளுடையது. தகுதி பார்த்துக் கொடுத்த பொறுப்பு இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் நடந்த முதல் கூட்டத்தில் எல்லோரும் குனிந்து தங்கள் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். ஐம்பதைத் தாண்டியவள், ஒரு நரம்பு ஆய்வகத்தின் தலைவி. இந்த வேலை வந்த பிறகு, தன் ஆய்வகத்துக்குள் நுழைவதே விருந்தாளி வீட்டுக்குப் போவதுபோல ஆகிவிட்டது அவளுக்கு. எந்நேரமும் கூட்டம், குறிப்பு, திருத்தம். இப்போது கையில் இருப்பது ஆறாவது வரைவு. ஐந்தாவதை யாரும் முழுக்கப் படிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். கடைசிப் பக்கத்தில் ஒரே பத்தி இரண்டு தடவை வந்திருந்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

"விநாடியெல்லாம் எழுதி வச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல" என்றார் மேசையின் கோடியில் இருந்தவர். கை அறுவை நிபுணர். காலையில் மருத்துவமனையில் மனிதர்களுக்கு, மத்தியானத்துக்கு மேல் சொந்த ஆய்வகத்தில் எலிகளுக்கு. எதற்கெடுத்தாலும் "முப்பது வருஷமா" என்று ஆரம்பிப்பதால், அவர் இல்லாத இடத்தில் எல்லோருக்கும் அவர் 'முப்பது வருஷம்'. "முப்பது வருஷமா என் கைக்குத் தெரியும். இடுக்கியில சிக்கினதும் நரம்பு மெத்துனு அடங்கும். அடங்கினா முடிஞ்சது. விநாடி பாத்து எடுக்கறதுக்கு நான் என்ன முட்டையா வேகவைக்கிறேன்?"

சிரிப்பு எழுந்தது. அவளும் சிரித்தாள். அதே முட்டை போன கூட்டத்திலும் வெந்தது.

"சோதிச்சுப் பாத்துடலாம் சார்" என்றது ஒரு மெல்லிய குரல். புள்ளியியல்காரர். ஒல்லியான மனிதர், எப்போது வந்தீர்கள் என்று கேட்டால்கூட "ஒன்பது புள்ளி ரெண்டு அஞ்சுக்கு" என்று சொல்லக்கூடியவர். அவருக்குத் 'தசமம்' என்று பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. அவரே அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

தசமம் பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தார். அழுத்தம் பட்டால் சிவக்கும் தாள். அழுத்தம் கூடக்கூடச் சிவப்பும் கூடும். ஒவ்வொருவரும் தங்கள் இடுக்கியால், நரம்பை நசுக்குவதாக நினைத்துக்கொண்டு, அதை வரிசையாக நசுக்க வேண்டும். எல்லோரும் நசுக்கினார்கள். முப்பது வருஷம் கடைசியாக, மேசையில் முழங்கையை ஊன்றி, தலையைக்கூடக் குனியாமல் செய்தார்.

அவருடைய தாள்கள் வெளிர் ரோஜா நிறத்திலிருந்து ரத்தச் சிவப்பு வரை எல்லா நிறத்திலும் இருந்தன. மற்றவர்களுடையதும் அப்படியொன்றும் ஒழுங்கில்லை. ஆனால் இவருடையதில்தான் வித்தியாசம் அதிகம். அவர் அவற்றை வரிசையாக அடுக்கினார். முதலில் கண்ணாடி இல்லாமல் பார்த்தார், பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தேநீர் வந்தது. அவர் குடிக்காமலே கிளம்பிப் போனார்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். "அந்த எடை வச்சு நசுக்கற கருவி இருக்குன்னு சொன்னீங்களே" என்று தசமத்திடம் கேட்டார். "எங்க கிடைக்கும்?"

அன்று சாயங்காலம் வீடு திரும்பும்போது, இரண்டு வருடத்தில் இன்றுதான் ஒரு காரியம் உருப்படியாக நடந்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. கிழவர் முகத்தை நினைத்துப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. தன் முறை வரும் என்று அவள் நினைக்கவில்லை.

வீடு இரண்டு மாடி. மேலே அவள், கீழே அண்ணனும் அண்ணியும். ராத்திரிச் சாப்பாடு கீழேதான். அண்ணன் பேருந்து ஓட்டுநர். ஒன்றரை வருடமாக ஓட்டாத ஓட்டுநர். பணிமனையில், வண்டி கழுவும் இடத்து எண்ணெய் சிந்திய படியில் வழுக்கி விழுந்து வலது மேற்கை எலும்பு முறிந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் எலும்பைச் சுற்றிக்கொண்டு போகும் நரம்பு அதில் கிழிந்திருந்தது. அதைத் தைத்தும் பார்த்தார்கள். விழுந்த அன்றிலிருந்து மணிக்கட்டு தொங்கியேதான் இருக்கிறது. விரல்களை மடக்க முடியும், ஆனால் கையை மேலே தூக்கி நிறுத்த முடியாது. ஒரு டம்ளரைப் பிடிக்கக்கூட முதலில் இடது கையால் வலது மணிக்கட்டை நிமிர்த்திக் கொடுக்க வேண்டும்.

டாக்டர்கள் மணிக்கட்டைத் தூக்கும் தசையின் பலத்துக்கு ஐந்துக்கு மதிப்பெண் போடுவார்கள். ஒருவர் இரண்டு போட்டார். இன்னொருவர் மூன்று போட்டார். அன்றிலிருந்து அண்ணனுக்கு மூன்று போட்டவர்தான் நல்ல டாக்டர். இரண்டு போட்டவர், நரம்பு இனிமேல் வராது, வேலை செய்யும் தசை ஒன்றின் தசைநாணை எடுத்து மாற்றித் தைத்துவிடலாம், மணிக்கட்டு நிற்கும் என்று சொல்லியிருந்தார். அண்ணன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. காரணம், மாடியில் இருக்கும் தங்கை.

அவள் ஆய்வகத்தில் ஒரு மருந்து நரம்பை வேகமாக வளர வைத்திருந்தது. மருந்து கொடுத்த எலிகள் கொடுக்காதவற்றைவிட, நூறு புள்ளி அளவில், பதினொரு புள்ளி நன்றாக நடந்தன. அதை வைத்து, மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க ஒரு மருத்துவமனை ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. இது தெரிந்த நாளிலிருந்து அண்ணன் பணிமனை முழுக்கச் சொல்லி வைத்திருந்தான்.

அன்றும் கேட்டான். "என்ன பாப்பா, மருந்து எந்த மட்டுல இருக்கு?"

ஐம்பது தாண்டினாலும் அவனுக்கு அவள் பாப்பாதான்.

"ஏற்பாடு நடக்குது."

"நம்ம பேரையும் சேத்துருவாங்கல்ல?"

"பாக்கலாம்ணா."

அண்ணி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது நாத்தனாரை ஒரு பார்வை பார்த்தாள். அவள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அந்தச் சோதனை, அடிபட்டுச் சில வாரமே ஆனவர்களுக்கு மட்டும். ஒன்றரை வருடம் பட்டினி கிடந்த தசைக்கு நரம்பு போய்ச் சேர்ந்தாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. இது அவளுக்கு முதல் நாளே தெரியும். சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அண்ணன் கேட்பதெல்லாம் சாப்பிடும்போதுதான். சாப்பிடுகிற மனிதனிடம் எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு பாக்கலாம் போட்டாள். அப்படியே அது சேர்ந்து மலையாகிவிட்டது.

நசுக்குவது முடிந்து, கூட்டம் அளப்பதற்கு வந்தது.

எலி எவ்வளவு குணமாகியிருக்கிறது என்பதைக் காலடித் தடத்தை வைத்துச் சொல்வார்கள். ஒரு கண்ணாடிப் பாதையில் எலியை ஓடவிட்டு, கீழேயிருந்து படம் எடுப்பார்கள். நல்ல கால் விரல்களை விரித்து, குதிகாலை லேசாகத் தொட்டுப் போகும். நரம்பு போன கால் விரல்கள் ஒட்டிக்கொண்டு, முழுப் பாதமும் இழுபடும். திரையில் தடத்தின் நீளத்தையும் விரல்களின் அகலத்தையும் குறித்தால் ஓர் எண் வரும். பூஜ்யம் என்றால் நல்ல கால், நூறு என்றால் ஒன்றுக்கும் உதவாத கால். குறிப்பது மனிதர் கை. சிக்கல் அங்கேதான். குதிகால் பட்ட இடம் பெரும்பாலும் ஒரு மங்கல். அந்த மங்கல் எங்கே முடிகிறது என்பதைக் கண்தான் தீர்மானிக்க வேண்டும்.

தசமம் ஒரே படக்கட்டை ஆறு ஆய்வகங்களுக்கும் அனுப்பினார். ஒவ்வோர் ஆய்வகத்திலும் அனுபவமுள்ள ஒருவர் எல்லாவற்றையும் அளந்து அனுப்ப வேண்டும். தன் ஆய்வகத்துக்கு அவளே உட்கார்ந்தாள். தடம் அளப்பதில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. வெளியாட்கள்கூட, சந்தேகம் வந்தால் அவளுக்குத்தான் படம் அனுப்புவார்கள். இடையில் இரண்டு கூட்டங்கள், ஒரு நிதி அறிக்கை, எலிக்கூண்டுகளைப் பார்வையிட வந்த குழு. அதற்கெல்லாம் நடுவே, கண் எரிய எரிய அளந்து முடித்தாள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் தசமம் அவள் அறைக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். வழக்கமாக அவர் கதவைச் சாத்துவதில்லை.

"மேடம், இதைக் கூட்டத்துல சொல்றதா, தனியாச் சொல்றதான்னு யோசிச்சேன்."

"சொல்லுங்க."

"அந்தக் கட்டுல சில படங்களை ரெண்டு தடவை வச்சிருந்தேன். கண்ணாடியில தெரியற மாதிரி இடம் வலமா மாத்தி. யார்கிட்டயும் சொல்லல."

"நல்ல யோசனைதான். நான்தான் சொல்லியிருக்கணும்."

"ஆறு பேருக்குள்ள வித்தியாசம் வரும்னு தெரியும், வந்திருக்கு. ஆனா ஒரே ஆள் ஒரே படத்தை ரெண்டு தடவை அளந்ததுலயும் வந்திருக்கு." அவர் தாளைப் புரட்டினார். "நம்ம முப்பது வருஷம் சாருக்கு அஞ்சு புள்ளி ஒண்ணு. ரொம்ப நல்லா வந்திருக்கு அவருக்கு."

"எனக்கு?"

"பதினாலு."

புள்ளி எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. தசமப் புள்ளியை விட்டுவிட்டு அவர் ஓர் எண்ணைச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

"அப்ப நானும் நானும் ஒத்துப்போகல."

"ஆமா மேடம். ஆறு பேர்ல அதிகம் உங்களுக்குத்தான்."

மேசை மேல் தேநீர் ஆறிப்போயிருந்தது. அவள் அதை எடுத்து, குடிக்காமல், திரும்ப வைத்தாள். மருந்தின் பலன் பதினொன்று. அவளுக்கும் அவளுக்கும் நடுவே பதினாலு. இதைக் கணக்குப் போட்டுச் சொல்ல ஒரு புள்ளியியல்காரர் தேவையில்லை.

"அந்த மருந்துப் படங்களை யார் அளந்தது?" என்று கேட்டார் தசமம்.

"என் ஆளுங்கதான். எந்த எலிக்கு மருந்துன்னு தெரியாமத்தான் அளந்தாங்க. தெளிவா இல்லாத தடங்களை மட்டும் எங்கிட்ட அனுப்புவாங்க. அதை நான் பாப்பேன்." சொல்லச் சொல்லக் குரல் இறங்கியது. "நிறைய அனுப்புவாங்க."

"உங்களுக்கும் எது மருந்து எலின்னு தெரியாது இல்லையா?"

"தெரியாது" என்றவள் சற்று நிறுத்தினாள். "அது மஞ்சள் மருந்து. குடிச்ச எலிக்கு மூத்திரம் பளிச்சுனு மஞ்சளா போகும். அடிவயித்து முடியில லேசா ஒட்டும். கீழேருந்து எடுக்கற படத்துல அது விழும்."

"நீங்க அதைக் கவனிச்சீங்களா?"

"கவனிச்சதா நினைவில்ல." அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "ஆனா இப்ப நீங்க கேட்டதும் டக்குனு சொல்லிட்டேன் பாருங்க."

அவர் போன பிறகு அவள் இரட்டைப் படங்களைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரே எலி, ஒரே கால். ஒன்றில் குதிகாலைக் கருமை முடியும் இடத்தில் நிறுத்தியிருந்தாள். மற்றதில் சாம்பல் முடியும் இடம்வரை இழுத்திருந்தாள். இரண்டுமே சரி என்றுதான் இப்போதும் தோன்றியது. அவமானம் என்று சொல்ல முடியாது. நெடுநாள் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தவளிடம், இதில் இருப்பது உன் பொருளே இல்லை என்று யாரோ சொன்னதுபோல இருந்தது. கீழே வைத்துவிடலாம். ஆனால் வைக்கக் குனிவதற்கே தெம்பு வேண்டும்.

அன்றே மருத்துவமனைக்கு எழுதினாள், மறு அளவு வரும்வரை நிறுத்தி வையுங்கள் என்று. பழைய படங்கள் எல்லாவற்றையும் நிறம் நீக்கி, எண்களை மாற்றி, மற்ற ஆய்வகங்களுக்கு அனுப்பச் சொன்னாள். அவள் ஆய்வகத்தார் யாரும் தொடக்கூடாது. ஒவ்வொரு தடத்தையும் மூன்று பேர் தனித்தனியாக அளக்க வேண்டும். கூட்டத்தில் இதைச் சொல்லும்போது எதையும் மறைக்கவில்லை. பதினாலு என்ற எண்ணையும் சொன்னாள். பிறகு முப்பது வருஷம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "என் பங்குப் படங்களை எனக்கு அனுப்புங்க. காலையில முதல் வேலையா உக்காந்து பாத்துடறேன். மத்தியானம் ஆனா என் கண்ணும் ஒத்துழைக்காது" என்றார். அவ்வளவு நாளில் அவர் சொன்ன மிக அன்பான வார்த்தை அதுதான் என்று அவள் நினைத்தாள்.

முடிவு வர இரண்டு மாதமானது. பதினொன்று, இரண்டாகியிருந்தது. அந்த இரண்டும், பிழையின் எல்லையைச் சேர்த்துப் பார்த்தால், இருக்கிறது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். மருத்துவமனை சோதனையைக் கைவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் பின்கட்டில், கம்பிச்சுருள் வைத்த கையுறையை மாட்டிக்கொண்டு பயிற்சி செய்துகொண்டிருந்தான். அந்தச் சுருள்தான் விரல்களை மேலே இழுத்துப் பிடிக்கும். கழற்றினால் பழையபடி தொங்கும். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் சாப்பாட்டு நேரத்துக்குக் காத்திருக்கவில்லை. பையைக்கூட இறக்கவில்லை.

"அண்ணா, அந்த மருந்து வேலை செய்யல."

அண்ணன் கையை நிறுத்தினான். "நல்லா வேலை செய்யுதுன்னு சொன்னியே."

"அளந்ததுல தப்பு. என் அளவுலதான் தப்பு. மறுபடி எல்லாரும் சேந்து அளந்தா ஒண்ணுமில்ல. ஆஸ்பத்திரியிலயும் நிறுத்திட்டாங்க."

அவன் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தான். "சரி. வேற மருந்து ஏதாவது?"

"இல்லண்ணா." அவள் கீழே உட்கார்ந்துகொண்டாள். "இன்னொண்ணும் சொல்லணும். இந்த மருந்து வேலை செஞ்சிருந்தாலும் உனக்குக் குடுத்திருக்க மாட்டாங்க. அடிபட்டுக் கொஞ்ச நாள்லயே குடுக்கணும். உன் கைக்கு அந்தக் காலம் தாண்டிடுச்சு."

"எப்ப தாண்டுச்சு?"

"சோதனை பத்திப் பேச்சு ஆரம்பிக்கும்போதே."

"அது உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப நான் இத்தனை நாள் எதுக்குக் காத்துக்கிட்டிருந்தேன்?"

அண்ணிதான் பேசினாள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவ பாக்கலாம்னு சொன்னா இல்லேன்னு அர்த்தம். எனக்கு முதல் தடவையே தெரிஞ்சுது. உங்களுக்குத்தான் தெரியல."

"உனக்குத் தெரிஞ்சா நீயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நான் சொன்னா கேட்டிருப்பீங்களா? ரெண்டு மார்க் போட்ட டாக்டரையே திட்டினீங்க." அண்ணி ஒரு சட்டையை உதறி மடித்தாள். பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினாள். "அதுக்காக நீ செஞ்சது சரின்னு இல்ல. தினமும் இவருக்குப் பட்டன் போட்டு விடறது நான். ஒரு வருஷம் முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு வருஷம் கம்மியா போட்டிருப்பேன்."

"தெரியுது அண்ணி."

"தெரிஞ்சா சரி."

அண்ணன் எழுந்து உள்ளே போய்விட்டான். அன்று அவளுக்கான சாப்பாட்டை அண்ணி ஒரு பாத்திரத்தில் போட்டு மேலே கொடுத்தனுப்பினாள். அடுத்த சில நாட்களும் அப்படித்தான். அவன் அவளோடு சண்டை போடவில்லை. படியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழிவிட்டான், வாடகைக்கு இருப்பவளுக்கு விடுவதுபோல. அதற்குச் சண்டையே தேவலை என்றிருந்தது அவளுக்கு.

ஆய்வகத்தில் ஏழாவது வரைவு ஓடிக்கொண்டிருந்தது. கருவியின் எடை, விநாடி, எலியின் வயது, எந்த நேரத்தில் நடக்க வைப்பது, அளப்பவர் எத்தனை பேர், திருட்டுத்தனமாக இரட்டைப் படங்களை எப்படிச் சேர்ப்பது. மருந்தின் நிறம் எலியின் உடம்பில் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும் என்று ஒரு வரியை அவளே எழுதினாள். எழுதிவிட்டு அந்த வரியை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வாழ்க்கையில் எழுதியதிலேயே அதிக விலை கொடுத்த வரி, படிக்கிறவனுக்குச் சும்மா ஓர் எச்சரிக்கை.

ஒரு நாள் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பும்போது முப்பது வருஷத்திடம் அண்ணன் கையைப் பற்றிச் சொன்னாள்.

"ஒன்றரை வருஷமா?" என்றார் அவர். "இதை எதுக்கு இவ்வளவு நாள் எங்கிட்ட சொல்லாம வச்சிருந்தீங்க? தசைநாண் மாத்தறதுக்கு வருஷக் கணக்கெல்லாம் கிடையாது. மூட்டு இறுகாம இருந்தா போதும். கூட்டிட்டு வாங்க."

"அவன் வரணுமே சார்."

"வரலேன்னா நான் வரேன்."

உண்மையாகவே வந்தார். ஒரு விடுமுறை நாள் காலை, வீட்டுப் பின்கட்டில் அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்து, கையை மேசையில் வைக்கச் சொல்லி, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை மெல்ல அமுக்கிப் பார்த்தார். அண்ணன் முதலில் விறைப்பாகத்தான் இருந்தான்.

"எத்தனை மார்க் டாக்டர்?" என்று கேட்டான்.

"ஒண்ணு."

"ஒண்ணா? ஒருத்தர் மூணு போட்டாரே."

"விரலை மடக்கும்போது மணிக்கட்டு தானா கொஞ்சம் நிமிரும். அதைப் பாத்துப் போட்டிருப்பார். அது இந்தத் தசை செய்யற வேலை இல்ல." அவர் கையை விட்டார். "நரம்பு இனிமே வராது. நான் மாத்தித் தைக்கிறேன். மணிக்கட்டு நிக்கும். விரல் ஓரளவு திறக்கும். பழைய கை வராது. வேற ஒரு கை வரும். சம்மதமா?"

ஒன்றரை வருடத்தில் அவனிடம் யாரும் இவ்வளவு தெளிவாகப் பேசி அவன் கேட்டதில்லை. அண்ணன் மனைவியைப் பார்த்தான். பிறகு, வெகு நாளைக்குப் பின், தங்கையைப் பார்த்தான்.

"நீ என்ன சொல்ற?"

"செஞ்சுக்கோண்ணா" என்றாள். "ஒரு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்க வேண்டியது."

அறுவை நல்லபடியாக முடிந்தது. சில வாரம் மாவுக்கட்டு, பிறகு பயிற்சி. பயிற்சிதான் பெரும்பாடு. முன்கையைத் திருப்பி உள்ளங்கையைக் கவிழ்க்கும் தசையைத்தான் மணிக்கட்டில் கொண்டுபோய்த் தைத்திருந்தார்கள். ஆகவே கையை மேலே தூக்க வேண்டுமானால், தூக்கவேண்டும் என்று நினைக்கக்கூடாது, கவிழ்க்கவேண்டும் என்று நினைக்க வேண்டும். அண்ணனுக்கு அது பிடிபடவே இல்லை. இடப்பக்கம் திரும்ப நினைத்து வலப்பக்கம் ஸ்டியரிங்கை ஒடிக்கச் சொல்வதுபோல இருக்கிறது என்று புலம்பினான். பிறகு ஒரு நாள், தண்ணீர் கொட்டிவிடப் போகிறது என்று டம்ளரைப் பிடிக்கப்போன அவசரத்தில், எதையும் நினைக்காமலே மணிக்கட்டு எழுந்து நின்றது. அண்ணி பார்த்துவிட்டு, தண்ணீரைத் துடைக்க மறந்து, அப்படியே நின்றாள்.

அடுத்த முறை பயிற்சிக்குத் தங்கையும் கூடப் போனாள். முறிந்த கைகளும் கட்டுப்போட்ட முழங்கால்களும் வரிசையாக உட்கார்ந்திருந்த நீண்ட கூடம். பயிற்சியாளர் பெண் கோணமானியை மணிக்கட்டில் வைத்து அளந்து, ஓர் எண்ணைச் சொன்னாள்.

"இது சரியில்லம்மா" என்றான் அண்ணன்.

"ஏன் சார், போன வாரத்தைவிடக் கம்மியா இருக்கேன்னா?"

"அதில்ல. போன வாரம் இன்னொரு பொண்ணு கையை மேசை மேல வைக்கச் சொல்லி அளந்துச்சு. நீ தொங்கவிட்டு அளக்குற. கையை மேசையில வச்சு ஒரு தடவை, அதே மாதிரி மறுபடி ஒரு தடவை அளந்துட்டு எழுது."

பயிற்சியாளர் அவனை முறைத்தாள். பிறகு கையை எடுத்து மேசையில் வைத்தாள். தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டுக்கும் வேண்டிய தெம்பு அவளிடம் இல்லை.

பொது முறை ஒன்பதாவது வரைவில் வெளியானது. நாற்பது பக்கம். உலகம் புரண்டுவிடவில்லை. சிலர் ஏற்றுக்கொண்டார்கள். சிலர் இதெல்லாம் எங்களுக்கு முடியாது, செலவு அதிகம் என்று எழுதினார்கள். ஒருவர், மங்கலான குதிகால் எங்கே முடிகிறது என்று நீங்கள் சொல்லியிருப்பது தவறு என்று மூன்று பக்கம் எழுதினார். அவள் அதை முழுக்கப் படித்தாள். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. பத்தாவது வரைவு என்று புதிதாக ஒரு கோப்பைத் திறந்து, அவர் பெயரைக் குறித்து வைத்துவிட்டு மூடினாள்.

அண்ணனுக்கு மறுபடி வண்டி கிடைக்கவில்லை. பணிமனையில் எந்த வண்டிக்கு எந்த ஓட்டுநர் என்று பிரித்து அனுப்பும் வேலை கொடுத்தார்கள். சட்டைப் பட்டனில் மேல் இரண்டை மட்டும் இன்னும் அண்ணிதான் போடுகிறாள். மற்றதெல்லாம் அவனே.

பயிற்சியின் கடைசி நாளன்று இருவரும் பேருந்தில் திரும்பினார்கள். அண்ணன் வழக்கம்போல ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள இருக்கையைப் பிடித்தான். உட்கார்ந்த சிறிது நேரத்திலேயே அவளுக்குக் கண் சொக்கியது. தலை அவன் தோளில் சாய்ந்தது. அவன் எழுப்பவில்லை. ஓட்டுநர் வளைவுகளில் கியர் மாற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் விழித்தபோது வெளியே பழக்கமில்லாத கடைகள் போய்க்கொண்டிருந்தன.

"எங்க இருக்கோம்?"

அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். "அடடா. நம்ம ஸ்டாப் தாண்டிடுச்சு."

"நீ முழிச்சுத்தானே இருந்த?"

"இவரு ஓட்டறதைப் பாத்துக்கிட்டிருந்தேன். கிளட்ச் மேலயே கால வச்சிருக்காரு மனுஷன்."

இறங்கினார்கள். எதிர்ப்பக்கம் திரும்பும் பேருந்துக்கான நிழற்குடையில் இடமில்லை, ஒரு கட்டைச் சுவர்தான் இருந்தது. அவள் அதில் உட்கார்ந்தாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் மடியிலிருந்த கனமான பையை வலது கையால் எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான். அடுத்த வண்டி வர நேரமாகும் போலிருந்தது.